ஒருத்தர் விடாமல்

கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை.

சோப்பு தீர்ந்தால் மறுநாளே புதுசு வந்துவிடும். மெத்தைக் கம்பெனியில் அதுதான் வழக்கம். இந்த முறை வாரம் திரும்பியும் வரவில்லை. செக்கர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் குழாயில் நின்ற எலெக்ட்ரீஷியனிடம் கேட்டார்.

"என்னப்பா, சோப்பு வாங்கவே மாட்டாங்களா?"

எலெக்ட்ரீஷியன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நம்மளையே கை கழுவப் போறாங்களாம்ணே. நமக்குக் கை கழுவ சோப்பு எதுக்கு?"

செக்கர் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

செக்கர் என்பது அவர் பெயர் அல்ல, வேலை. தைத்து முடித்த மெத்தை கடைசியாக அவரிடம்தான் வரும். ஓரத் தையலை விரலால் நீவிப் பார்ப்பார். மூலைகளை அமுக்கிப் பார்ப்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுப்பார். மல்லாந்து கொஞ்ச நேரம், ஒருக்களித்துக் கொஞ்ச நேரம். எங்கேயாவது கட்டி தட்டினாலும் பள்ளம் விழுந்தாலும் முதுகு சொல்லிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் எழுந்து முத்திரை குத்துவார். மீசை முளைத்த காலத்தில் தொடங்கிய வேலை, இப்போது மீசை நரைத்துவிட்டது. படுத்தே சம்பாதிக்கிற மனுஷன் என்று தெருவே பொறாமைப்பட்டது. மனைவி மட்டும், வீட்டில் அவர் சோபாவில் சாய்ந்தால் "என்ன, ஓவர்டைமா?" என்று கேட்பாள்.

அன்றைக்கு அவர் மெத்தையில் படுத்தபோது முதுகு ஒன்றும் பேசவில்லை. மனசுதான் ஓயாமல் பேசியது. கம்பெனியை மூடினால் எங்கே போவது? தைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு மிஷின் போட்டுப் பிழைத்துக்கொள்வார்கள். எலெக்ட்ரீஷியனுக்கு எந்த ஊரிலும் சுவிட்ச் கெட்டுப்போகும். தன்னிடம் "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டால் என்ன சொல்வது? நன்றாகப் படுப்பேன் என்றா?

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தலைமாட்டில் நின்றாள். எல்லாரும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்கேருந்து தூங்கறது. சோப்பு வாங்கலையாமே."

"சோப்ப விடுங்க. வெளிய வந்து பாருங்க."

முற்றத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் டேப்பைப் பிடித்துச் சுவருக்குச் சுவர் அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் அளந்ததைச் சொல்ல, இன்னொருவன் போனில் யாரிடமோ அதைத் திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு செக்கருக்குப் பிடிக்கவே இல்லை.

"கட்டடத்த இடிக்கப் போறாங்களோ?" என்றாள் தையலக்கா.

"பெயின்ட் அடிக்கறதுக்கா இருக்கும்."

"தரைக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?"

அவர் நேராகக் கணக்கர் அறைக்குப் போனார். கணக்கர் கதவைப் பாதி திறந்து, மூக்கை மட்டும் வெளியே விட்டார்.

"சார், கம்பெனிய மூடறாங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்பாடா."

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிக் கணக்கர் கதவைச் சாத்திக்கொண்டார்.

செக்கருக்கு முதல் பதிலில் வந்த உயிர் இரண்டாவது பதிலில் போய்விட்டது.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாத விஷயத்தைச் சொல்லி அவளையும் ஏன் கலக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சொல்லாமல் இருப்பதும் சுலபமாக இல்லை. சாப்பிடும்போது கை பாதியில் நின்றது. டிவியில் ஓடியது என்னவென்றே தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்புக்கு முடியலையா?" என்று அவள் கேட்டபோது "சோப்பு வாங்கணும்" என்றார். வீட்டில் வேண்டிய அளவு சோப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். உட்காரும்போதே இரண்டு போனையும் ஒரு சாவிக்கொத்தையும் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருவான்.

"என்ன மாமா, உங்க கம்பெனிய மூடப்போறாங்களாமே," என்றான் எடுத்த எடுப்பில்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"யாரு சொன்னா?" என்றார் செக்கர்.

"ஊரே சொல்லுது. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா. நம்ம கடை இருக்கு. ஒரு ஓரமா ஸ்டூல் போட்டுத் தர்றேன். போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டற வேலை. பையங்க சொல்லித் தருவாங்க. நான் இல்லாத நேரம் கல்லாவப் பாத்துக்கிட்டா போதும். பணத்தத் தொட வேணாம், பாத்துக்கிட்டா போதும்."

செக்கருக்கு அந்த ஸ்டூல் கண்முன்னால் வந்து நின்றது. முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். மைத்துனன் தன் சிநேகிதர்களிடம் "எங்க மாமாதான், கம்பெனி போயிடுச்சு, நான்தான் வெச்சிருக்கேன்" என்று சொல்வதும் காதில் விழுந்தது.

"தேவையில்ல," என்றார். "எனக்கு வேற இடத்துல கூப்பிட்டுட்டாங்க."

சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது தான்தான் என்று அவருக்கே தெரிந்தது.

"எந்த இடம்?" என்றாள் மனைவி.

"மெத்தைக் கம்பெனிதான். பெரிசு. வெளியூர்க்காரங்க. இங்க புதுசா ஆரம்பிக்கிறாங்க."

"பேரு என்ன மாமா?"

"இன்னும் வெக்கல."

"பேரு வெக்காத கம்பெனியா?"

"பொறக்கறதுக்கு முன்னாடியேவா பேரு வெப்பாங்க?" என்றார் செக்கர். மைத்துனன் வாயை மூடிக்கொண்டான். பல வருஷத்தில் முதல் தடவையாக. அந்த ஒரு நிமிஷம் செக்கருக்கு நன்றாகத்தான் இருந்தது.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்குத்தான் ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருந்தீங்களா? சொல்லியிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேனே."

"ரகசியம். யாருகிட்டயும் சொல்லிடாத," என்றார் அவர்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. காய்கறிக் கடையில் தையலக்காவைப் பார்த்தபோது, பாவம் அவளும் கவலைப்படுகிறாளே என்று அவளிடம் மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை செக்கர் ஒரு பெரிய மெத்தையின் நடுவில் மல்லாந்திருந்தபோது தையலக்கா ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அங்க எனக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அண்ணி எல்லாம் சொன்னாங்க."

"அது வந்து... அப்படி ஒண்ணும் இல்லக்கா."

தையலக்காவின் கீழுதடு துடித்தது. "பரவால்லண்ணே. அவங்கவங்க பொழப்பு அவங்கவங்களுக்கு. நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப மூணு வேளையும் சாப்பாடு கொண்டாந்தவ நான். அதையெல்லாம் சொல்லிக் காட்டற ஆள் இல்ல நான்."

சொல்லிக் காட்டிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்று, ஷெட் முழுக்க அவரையே பார்த்தது. மெத்தையில் படுத்திருக்கும் ஆண், ஓரத்தில் உட்கார்ந்து அழும் பெண். பார்க்க நன்றாக இல்லை.

"அழாதக்கா. சொல்லிப் பாக்கறேன்," என்றார் செக்கர் அவசரமாக எழுந்து.

சொல்லிப் பார்க்கிறேன் என்பது சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லிவிட்டார் என்று ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள், அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றும் ஆனது. கம்பெனி விடுகிற நேரத்தில் அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. நுரை வெட்டுகிறவர்கள், துணி அறுக்கிறவர்கள், பாக்கிங் ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"எங்களையெல்லாம் விட்டுட்டு அக்காவ மட்டும் கூட்டிட்டுப் போறது நியாயமாண்ணே?" என்றான் எலெக்ட்ரீஷியன்.

அப்போது செக்கருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தச் சமயத்தில் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

"அது சாதாரண கம்பெனி இல்லப்பா. டெஸ்ட் வெப்பாங்க. கடுமையான டெஸ்ட். நம்ம ஆளுங்க யாரும் தேற மாட்டாங்க. எதுக்கு வீணா மனசக் கெடுத்துக்கணும்?"

"டெஸ்ட் யாரு வெப்பாங்க?"

"என்னையே பாத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்க குடோனில் டெஸ்ட் நடந்தது. நடத்தாமல் இருக்க அவர் எவ்வளவோ முயன்றார். தலைவலி என்றார், தைலம் வந்தது. நேரமில்லை என்றார், அவருடைய சாப்பாட்டை யாரோ குடோனுக்கே எடுத்து வந்தார்கள்.

யாரும் தேறாதபடி வைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று அவர் நினைத்தார். தையலக்காவிடம், இருப்பதிலேயே தடித்த மெத்தையைக் காட்டி, மிஷினை நிறுத்தாமல் நாலு மூலையும் சுற்றித் தைத்துக் கொண்டுவரச் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நீவிப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு குறை சொல்லலாம் என்று வாயைத் திறந்தார், ஆனால் நல்ல தையலைக் கெட்ட தையல் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பாஸ்," என்றார்.

எலெக்ட்ரீஷியனிடம், மெத்தையை அழுத்திக் கட்டுவதற்கென்று வாங்கி, வருஷக்கணக்காக ஓடாமல் மூலையில் கிடந்த அமுக்கு மிஷினை ஓட வைக்கச் சொன்னார். இரண்டு நாளில் அது குடோனே அதிர ஓடியது.

"இத்தன வருஷமா ஏம்பா ஓட வெக்கல?"

"யாரும் டெஸ்ட்டுன்னு சொல்லலையேண்ணே."

அவனும் பாஸ். அந்த வாரம் முழுக்க எல்லாரும் பாஸ் ஆனார்கள். செக்கரிடம் வந்த மெத்தைகளில் ஒரு கட்டி இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அவர்தான் இளைத்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் கணக்கர் வந்தார். குடோன் கதவைத் தானே சாத்தினார்.

"எனக்கு என்ன டெஸ்ட்?"

கணக்கருக்கு என்ன டெஸ்ட் வைப்பது என்று செக்கருக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது.

"ரகசியம் காப்பாத்தத் தெரியணும் சார். அதுதான் அவங்க முக்கியமா பாக்கறது."

"அதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது."

"அப்ப சொல்லுங்க. நம்ம கம்பெனிய மூடறாங்களா, இல்லையா?"

கணக்கர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"சொன்னா ஃபெயிலா, சொல்லாட்டி ஃபெயிலா?"

"சொல்லிட்டு அப்பறம் பாக்கலாம்."

"மூடணும்னு ரெண்டு வருஷமா பேச்சு. நிலத்துக்கு ஆள் ரெடியா நிக்கறாங்க. ஆனா முதலாளி கையெழுத்துப் போடற நேரத்துல பேனாவ மூடி வெச்சிடறாரு. ஏதோ ஒண்ணு தடுக்குது. என்னன்னு எனக்கும் புரியல." கணக்கர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பாஸா?"

"பாஸ் சார்."

ஏதோ ஒன்று தடுக்கிறது. அது என்ன என்று செக்கர் மூளையைக் கசக்கிக்கொண்டார். வழக்கு ஏதாவது இருக்குமோ, பங்காளித் தகராறோ. எதுவாக இருந்தாலும் அது நன்றாக இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மைத்துனன் இப்போதெல்லாம் தினம் வந்தான். போன்களை மேஜையில் வைக்காமல் பையிலேயே வைத்துக்கொண்டான். செக்கர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தான்.

"மாமா, புதுக் கம்பெனில கேமரா மாட்டுவாங்கல்ல? அந்தக் கான்ட்ராக்ட்ட நமக்கு வாங்கிக் குடுத்துடுங்க. கேமரா எல்லாம் எடுத்து வெச்சிட்டேன்."

"எடுத்து வெச்சிட்டியா?"

"மொத்தமா எடுத்தா விலை சல்லிசு. உங்கள நம்பித்தான்."

இனித் தாங்காது என்று செக்கர் முடிவு செய்தார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது. அடித்தால் வாங்கிக்கொள்வது.

சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். கூடம் அமைதியானது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்பெனி விஷயமா..."

"நான் மொதல்ல சொல்லிக்கறேன்ணே," என்று தையலக்கா எழுந்தாள். "பொண்ணோட படிப்ப நிறுத்திடலாம்னு இருந்தேன். நேத்துப் போயி, அவ தொடர்ந்து படிப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். நேத்துதான் நல்லாத் தூங்கினேன். அதுக்கு உங்களுக்கு என்ன கைம்மாறு செய்யறதுன்னு தெரியல."

எல்லாரும் கை தட்டினார்கள். செக்கர் நின்றபடியே தட்டைப் பார்த்தார்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே," என்றான் எலெக்ட்ரீஷியன்.

"அங்க... சாப்பாட்டுக் கூடத்துல ஃபேன் இருக்கு," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

இனி இருப்பது ஒரே வழி. பொய்யை நிஜமாக்கிவிடுவது. அவர் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, கடைவீதியில் இருக்கிற பெரிய ஃபர்னிச்சர் கடைக்குப் போனார். அவ்வளவு பெரிய கடை எங்கே மெத்தை வாங்குகிறது, புதிதாக யாராவது கம்பெனி தொடங்குகிறார்களா என்று விசாரிக்கலாம். முதலில் தனக்கு ஒரு இடம் கிடைத்தால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை ஒவ்வொருவராக இழுத்துவிடலாம்.

டை கட்டிய மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும் உங்களுக்கு?"

"மெத்தைய சோதிப்பேன்."

"மிஷின் வெச்சா?"

"முதுகு வெச்சு."

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காட்சிக்குப் போட்டிருந்த ஒரு மெத்தையைக் காட்டினார். "எங்க, சோதிச்சுக் காட்டுங்க."

செக்கர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். முதுகு பட்டதுமே தெரிந்துவிட்டது, இது தங்கள் கம்பெனி மெத்தை. தையலக்காவின் ஓரத் தையல் கைக்கு இதமாக இருந்தது. நுரையில் ஒரு குறை இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாள் கணக்கில் வராமல் போக்குக் காட்டிய தூக்கம் எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தில் வந்து அவரை அமுக்கியது.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"சார், கடை சாத்தப் போறோம்."

செக்கர் துள்ளி எழுந்தார். சுற்றிலும் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார், தெரியாம..."

"பரவால்ல," என்றார் மேலாளர். "நீங்க குறட்டை விட்டதப் பாத்துட்டு ரெண்டு பேர் அதே மெத்தைய வாங்கிட்டுப் போனாங்க. ரொம்ப நன்றி."

"அப்ப வேலை?"

"வேலை இல்ல. எப்பவாவது தூக்கம் வந்தா வாங்க."

மறுநாள் காலையில் முதலாளியின் கார் டிரைவர் ஷெட்டுக்குள் வந்து, செக்கரைத் தேடிக் கூப்பிட்டார்.

"சார், முதலாளி உங்கள வரச் சொன்னாரு. உடனே."

தையல் மிஷின்கள் மறுபடியும் நின்றன. செக்கர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. இருக்கிற வேலையும் போகப்போகிறது. அதுவும் கம்பெனியை மூடுவதற்கு முன்னாலேயே, தனக்கு மட்டும் முதலில்.

முதலாளி அறையில் தனியாக இருந்தார். முன்பைவிடக் கிழடு தட்டியிருந்தார். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. மெத்தை செய்து விற்கிறவர் தூங்கிப் பல நாளான மாதிரி இருந்தது.

"உக்காருப்பா."

செக்கர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"புதுக் கம்பெனி ஒண்ணு வருதாமே. நீதான் ஆள் எடுக்கறியாமே."

செக்கர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அப்போதுதான் முதலாளியின் கையைக் கவனித்தார். மேஜைமேல் இருந்த பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது அந்தக் கை. முதலாளி பயப்படுகிறார்.

சட்டென்று செக்கருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தடுக்கிற அந்த ஏதோ ஒன்று நாங்கள்தான். இந்த மாதிரித் தையல்காரியும் இந்த மாதிரி எலெக்ட்ரீஷியனும் இவருக்கு வேறு எங்கே கிடைப்பார்கள்? அந்த ஆட்களை இன்னொருவன் கொத்திக்கொண்டு போகிறான் என்றால் எந்த முதலாளிக்குத்தான் பதறாது? பதறினால் விட மாட்டார். விடாவிட்டால் மூட மாட்டார். இவ்வளவு நாள் சொன்ன பொய்யெல்லாம் இந்த ஒரு வேளைக்காகத்தான் போலிருக்கிறது. அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆமாங்கய்யா. உண்மைதான்."

"எல்லாருக்கும் இடம் இருக்கா?"

"எல்லாருக்கும்."

"வயசானவங்க இருக்காங்களே. அந்தப் பாக்கிங் ஆளுக்குக் காது கேக்காது."

"அவருக்கும் சேத்துத்தாங்கய்யா. ஒருத்தர் விடாம எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

"ஒருத்தர் விடாமயா?"

"ஒருத்தர் விடாம. சம்பளமும் இங்க இருக்கறத விடக் கூட."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். "நீ பொய் சொல்ல மாட்டே. மெத்தைல கட்டி இருந்தா என் மூஞ்சிக்கு நேராவே கட்டி இருக்குன்னு சொன்னவன். நீ சொன்னா நான் நம்பறேன்."

செக்கருக்கு அது எங்கேயோ சுருக்கென்று குத்தியது. ஆனால் பின்வாங்குகிற இடமா அது?

முதலாளி எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. போகலாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆடிப்போயிட்டாரு," என்றார் செக்கர் அன்று வீட்டில், இரண்டாம் தடவையாகச் சாதம் போட்டுக்கொண்டே. "நான் அடிச்ச அடில முதலாளி ஆடிப்போயிட்டாரு. இனிமே கம்பெனிய மூடற பேச்சே கிடையாது."

"அப்ப அந்தப் புது வேலை?" என்றாள் மனைவி.

"அது வேணாம்னு சொல்லிடப் போறேன். இத்தன வருஷம் சோறு போட்ட இடத்த விட்டுட்டுப் போறது மனுஷத்தனமா?"

அவள் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உள்ளே வந்துகொண்டிருந்த மைத்துனன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமா, என் கேமரா?"

"உன் கடையில மாட்டு," என்றார் செக்கர். "கல்லாவப் பாத்துக்க ஆள் வேணும்னியே."

அன்றைக்கு அவர் படுத்ததுதான் தெரியும்.

மறுநாள் அவர் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. முதலாளி காலையில் எங்கோ போய்விட்டு, பதினொரு மணி வாக்கில் ஷெட்டுக்கு வந்தார். இப்படி வந்து எவ்வளவு காலமாயிற்று. ஒவ்வொரு மிஷினாகத் தொட்டுப் பார்த்தார். தையலக்காவிடம் மகள் படிப்பைப் பற்றிக் கேட்டார். காது கேட்காத பாக்கிங் ஆளின் தோளில் கை போட்டுக்கொண்டு சத்தமாக ஏதோ சொல்லிச் சிரித்தார். அமுக்கு மிஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு எலெக்ட்ரீஷியனைத் தட்டிக் கொடுத்தார்.

"முதலாளி பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்காருண்ணே," என்றாள் தையலக்கா.

"இருக்க மாட்டாரா?" என்றார் செக்கர். சாயங்காலம் எல்லாரையும் கூட்டி, புதுக் கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை, இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். பொய் வந்த வழியே போய்விடும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அன்று வந்த மெத்தைகளில் அவர் மற்ற நாளைவிடக் கொஞ்சம் அதிக நேரம் படுத்தார்.

வேலை முடிகிற நேரத்தில் முற்றத்துக்கு வந்தார். முதலாளியின் டிரைவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன டிரைவரே, முதலாளி இன்னிக்கு சந்தோஷமா இருக்காரு போல?"

"ஆமா சார். கார்ல பாட்டு போடச் சொன்னாரு. எத்தன நாளாச்சு தெரியுமா, பாட்டு கேட்டு?"

"கேப்பாரு, கேப்பாரு," என்றார் செக்கர் மீசையைத் தடவிக்கொண்டே. "நேத்து நான் பேசின பேச்சு அப்படி. இப்படிப்பட்ட ஆளுங்கள விட்டுட மனசு வருமா அவருக்கு?"

டிரைவர் துணியை உதறிவிட்டு, நன்றியோடு அவரைப் பார்த்தார்.

"அதாங்க சார் விஷயமே. இவங்களுக்கு வேற போக்கிடம் இல்லையேன்னுதான் இத்தன வருஷமா நஷ்டத்துலயும் மூடாம இழுத்துப் புடிச்சிட்டிருந்தாரு. நேத்து நீங்க ஒருத்தர் விடாம எல்லாருக்கும் இடம் இருக்குன்னு சொன்னீங்களாமே, அப்பறம்தான் இன்னிக்குக் காலைல நிம்மதியா கையெழுத்துப் போட்டு வித்துட்டு வந்தாரு."